பேனா இறங்கும் வேகம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், காலைப் பெரட்டு, அதாவது ஆள் எடுப்பு, முடிந்த கையோடு தோட்டத்து மேனேஜர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். "எந்த ஃபீல்டு கொழுந்து சீக்கிரம் சிவக்குது, எது லேட்டாகுதுன்னு எண்ணா எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். முடியும் சார் என்றேன். செர்டாங்கில் உயிர்வேதியியல் படித்துவிட்டு மலைக்குத் திரும்பி எனக்கு அது இரண்டாவது வருடம். அன்று சொன்ன ஒரு வார்த்தையைக் காப்பாற்ற மூன்று வருடம் பிடித்தது.

நான் பிறந்தது மலேசியாவின் கேமரன் மலையில், லயத்து வீட்டில். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைநாட்டைக் கண்டு எழுதினார். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் கொழுந்து பறிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். என் பாட்டி கூடை கட்டினார், பிறகு அம்மா கட்டினார். இன்று மலைச்சரிவில் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியா என்று பல நாட்டுப் பிள்ளைகள் வெட்டும் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் சொல்லப்போவது கொழுந்து மலையை விட்டு இறங்கித் தொழிற்சாலைக்குள் நுழைந்த பிறகு நடப்பதைப் பற்றி.

பச்சைக் கொழுந்தில் எழுபத்தைந்து, எண்பது சதவீதம் தண்ணீர். முதலில் வாட்டுவார்கள், பிறகு நசுக்குவார்கள். நசுக்கியதைப் பரப்பிக் காத்திருப்பதற்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து 'பெர்மன்ட்' என்று பெயர். கள்ளோ தோசை மாவோ புளிப்பதுபோல் இங்கே நுண்ணுயிர் எதுவும் வேலை செய்வதில்லை. இலைச் செல்லில் ஓர் அறையில் இருந்த கேட்டச்சினும், வேறோர் அறையில் இருந்த பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும், செல் உடைந்ததும் காற்றோடு சேர்கின்றன. அதில் பிறப்பவைதான் தேநீருக்குப் பொன்சிவப்பு தரும் தியாஃப்ளேவினும், அடர்த்தி தரும் தியாருபிஜினும். அதனால் 'ஃபெர்மென்டேஷன்' என்ற சொல் இங்கே பிழை என்று பாடப்புத்தகங்கள் திருத்தும். ஆனால் தமிழில் 'நொதித்தல்' என்று எழுதினால் பிழையே இல்லை. நொதி செய்யும் வேலைக்கு நொதித்தல் என்றுதானே பெயர் வர வேண்டும். இதை நினைத்து நான் பலமுறை சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மேனேஜர் கேட்ட கேள்வியை ஆய்வுக்கூடத்து மொழியில் சொன்னால் இப்படி வரும்: ஒவ்வொரு ஃபீல்டின் கொழுந்திலும் இருக்கும் நொதியின் உச்ச வேகம் எவ்வளவு?

உச்ச வேகம் என்பதை எனக்குப் புரியவைத்தது வகுப்பறை இல்லை, அம்மாவின் கை. செடியில் கொழுந்து குறைவாக இருக்கும் வாரத்தில் கை தேடித்தேடிப் போகும். கொழுந்து இரண்டு மடங்கானால் பறிப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இன்னும் பெருகினால் அந்த அளவுக்குப் பறிப்பு ஏறாது. செடி முழுக்கக் கொழுந்தாக நிற்கும் நாளில் தேடும் வேலையே கிடையாது. கிள்ளுவதற்கும் கூடையில் போடுவதற்கும் ஆகும் நேரம்தான் மிச்சம். அதற்குமேல் எத்தனை கொழுந்து முளைத்தாலும் கை வேகம் ஏறாது. அந்த எல்லைதான் உச்ச வேகம். அதில் சரிபாதி வேகத்தில் கை ஓடுவதற்கு எவ்வளவு கொழுந்து வேண்டுமோ, அது மைக்கேலிஸ் மாறிலி. பெர்லினில் லியோனார் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து போன மருத்துவர் மோட் மென்டனும் சர்க்கரையை உடைக்கும் நொதியை வைத்து 1913-இல் எழுதியதன் சாரம் இதுதான். வேகம் வேண்டுமானால், உச்ச வேகத்தைத் தளப்பொருளின், அதாவது நொதி மாற்றும் பொருளின், செறிவால் பெருக்கி, மாறிலியும் செறிவும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும்.

இன்னொன்றையும் அம்மாவின் கையிலிருந்தே சொல்லிவிடலாம். பத்துப் பேர் பறிக்கும் மலையில் இருபது பேரை விட்டால் உச்ச வேகம் இரட்டிக்கும், மாறிலி அப்படியே இருக்கும். ஆகவே எவ்வளவு நொதியை வைத்து அளந்தோம் என்று சொல்லாமல் உச்ச வேகத்தை மட்டும் எழுதுவது, எத்தனை ஆள் என்று சொல்லாமல் இன்றைய நிறுவையை மட்டும் எழுதுவதைப் போன்றது.

கொழுந்திலிருந்து நொதியைப் பிரிப்பது பதறும் வேலை. அறைச் சூட்டில் அரைத்தால் சில நிமிடங்களில் பழுப்பேறும். அதில் பிறக்கும் பொருள்களே நொதியைப் பிடித்து முடக்கிவிடும். அதனால் உறைபெட்டியில் குளிரவைத்த அசிட்டோனை ஊற்றி அரைப்போம். பச்சையும் மஞ்சளுமாக வடியும். வடிப்பது நிறமில்லாமல் ஆகும்வரை திரும்பத் திரும்பக் கழுவினால், வடிதாளில் அரிசி மாவைவிடச் சற்று மங்கலான பொடி நிற்கும். அந்தப் பொடியைப் புட்டியில் மூடிக் குளிரில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். முதல்முறை அந்தப் பொடி பழுப்பாகாமல் வந்தபோது தொழிற்சாலை டீ மேக்கரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தொடப் போனவர், "தேயிலையிலேர்ந்து வெள்ளையா ஒண்ணு வருதா தம்பி" என்று கையை இழுத்துக்கொண்டார்.

வேகத்தை அளக்க ஆக்சிஜன் மின்முனை வைத்திருந்தோம். பிளாட்டினமும் வெள்ளியும், மேலே மெல்லிய டெஃப்லான் சவ்வு, சுற்றிலும் 25 டிகிரி தண்ணீர் ஓடும் கண்ணாடி உறை. உள்ளே கட்டைவிரல் அளவு அறை, அதில் சுழலும் சின்னக் காந்தக் குச்சி. காற்றோடு நன்றாகக் கலக்கிய தண்ணீரை ஊற்றினால் பதிவுத்தாளில் பேனா நூறுக்குப் போகும். ஒரு சிட்டிகை சோடியம் டைதயோனைட் போட்டால் ஆக்சிஜன் முழுதும் தீர்ந்து பேனா பூஜ்யத்துக்கு விழும். இந்த இரண்டையும் சரிபார்த்துவிட்டு, கேட்டச்சின் கரைசலும் நொதியும் சேர்த்தால், நொதி ஆக்சிஜனைத் தின்னத் தின்னப் பேனா சரியும். அந்தச் சரிவுதான் வேகம். முதல் அரை நிமிடத்துக்குள் சரிவை எடுத்துவிட வேண்டும். இந்த நொதி தன் வேலையாலேயே தன்னைக் கெடுத்துக்கொள்ளும் ஜாதி. நேரமானால் கோடு வளைந்துவிடும்.

இனிக் கணக்கு. நான்கு செறிவில் அளந்ததாக வைத்துக்கொள்வோம். எளிய எண்களாகவே எடுக்கிறேன். செறிவு 1, 2, 4, 8. வேகம் 20, 30, 40, 48. செறிவு எட்டு மடங்கு ஏறியும் வேகம் இரண்டரை மடங்குகூட ஏறவில்லை. 48 தான் உச்சம் என்று கண் சொல்லும். அது தவறு. உண்மையான உச்சம் 60, மாறிலி 2. 60-ஐ அளவையில் பிடிக்க வேண்டுமானால் செறிவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நூறு ஆக்கினாலும் 58.8 தான் வரும். கேட்டச்சின் அந்த அளவுக்குக் கரையவும் செய்யாது. உச்ச வேகத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. கீழே நின்றுகொண்டு மேலே எங்கே முடியும் என்று கணக்கிட்டுத்தான் சொல்கிறோம்.

எனக்குக் கற்றுக்கொடுத்த வழி 1934-இல் லைன்வீவரும் பர்க்கும் சொன்னது. செறிவு, வேகம் இரண்டையும் தலைகீழாக்கிப் புள்ளி வைத்தால் வளைகோடு நேர்கோடாகும். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடத்தில் உச்ச வேகத்தின் தலைகீழ் கிடைக்கும். வரைய எளிது, கண்ணுக்கும் அழகு. ஆபத்தும் அந்த எளிமையில்தான். மேலே உள்ள எண்களில் முதல் வேகத்தை 20-க்குப் பதில் 18 என்று படித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு இழுத்தால் உச்ச வேகம் 60 இல்லை, 67 வரும். அதே இரண்டு அளவு பிழை கடைசி எண்ணில் நேர்ந்து 48 என்பது 46 ஆனால் 58 வரும். குறைந்த செறிவில் பேனா மெதுவாக நகரும். கைநடுக்கமும் கண்மயக்கமும் அங்கேதான் அதிகம். தலைகீழாக்கும்போது அந்தப் புள்ளிதான் கோட்டின் தொலைவான முனையில் போய் உட்கார்ந்து கோட்டையே தூக்கிவிடுகிறது. நம்பத்தகாத சாட்சிக்கு அதிகக் குரல் கிடைக்கிறது.

ஆகையால் இரண்டாம் வருடம் வழியை மாற்றினேன். ஐசன்தாலும் கார்னிஷ்-பௌடனும் 1974-இல் வெளியிட்ட முறை அது. கிடை அச்சில் செறிவை எதிர்ப்பக்கம் குறி, நிலை அச்சில் வேகத்தைக் குறி, இரண்டையும் சேர்த்துக் கோடிழுத்து வலப்பக்கம் நீட்டு. ஓர் அளவைக்கு ஒரு கோடு. கோடுகள் வெட்டும் இடத்தின் உயரம் உச்ச வேகம். நான்கு அளவைக்கு ஆறு வெட்டுகள். உயரங்களை வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடு. முதல் வேகத்தை 18 என்று தவறாகப் படித்த அதே கணக்கில் ஆறு உயரங்களும் 60, 60, 60, 63, 67.5, 90 என்று வரும். நடுவே நிற்கும் இரண்டின் சராசரி 61.5. ஒரு புள்ளி பொய் சொன்னாலும் மற்ற மூன்றும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிட்ட ஆபீஸ் கிராணி ஒருவருக்கு இதை வரைபடத்தாளில் ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் என் கோடு ஒன்றில் பிழை கண்டு சொன்னார்.

இத்தனையும் செய்து ஃபீல்டு வாரியாக எண்களை எழுதிக்கொடுத்தேன். மேனேஜருக்குத் திருப்தி. எனக்கு மட்டும் இன்னொருவர் சரிபார்த்தால் நல்லது என்று தோன்றியது. ஒரே பொடியை இரண்டாகப் பிரித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, பாதியைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்த என் கல்லூரி அக்காவுக்கு அனுப்பினேன். அதே கரைசல், அதே 25 டிகிரி, அதே முறை.

பத்து நாளில் ஃபோன் வந்தது. "மாறிலி ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வருது. உச்ச வேகம் மட்டும் உனக்குக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூட இருக்கு. பொடியைச் சரியா நிறுத்தியா?"

நிறுத்தேன். திரும்ப நிறுத்தேன். தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்த்தேன். புதுச் சவ்வு மாற்றினேன். பொடி வழியில் கெட்டிருக்குமோ என்று மறுபடி ஒரு பாதி அனுப்பினேன். மறுபடியும் அதே இடைவெளி. பொடி கெட்டிருந்தால் ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும். இது ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நின்றது. மாறிலி அசையாமல் உச்ச வேகம் மட்டும் ஒரே விகிதத்தில் ஏறுகிறது என்றால் எல்லா வேகமும் ஒரே எண்ணால் பெருகியிருக்கிறது என்று பொருள். அதை அன்றே கண்டுகொண்டேன். அந்த எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு கெட்டில். மாதாந்திரச் சுவைபார்ப்புக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும்போது, புதிதாக வந்த பையன் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது கெட்டுப்போச்சு, தொண்ணூத்தஞ்சுக்கு மேல ஏற மாட்டேங்குது" என்றான். பனிக்கட்டியில் வைத்தோம், சரியாகப் பூஜ்யம் காட்டியது. தெர்மாமீட்டரில் குறையில்லை. தானா ராத்தா உயரம் கிட்டத்தட்ட 1,440 மீட்டர். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மலையில் பிறந்தவனுக்கு இது தெரியாத விஷயமா? தாப்பாவில் வாங்கிய கெரிப்பிக் வறுவல் பாக்கெட் ரிங்லெட் வருவதற்குள் உப்பி நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். ஆனாலும் தெர்மாமீட்டரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். காற்றழுத்தம் கெட்டிலை மட்டும்தான் தொடுமா?

மின்முனையை நூறுக்கு வைக்கும்போது, காற்று கலந்த தண்ணீரில் லிட்டருக்கு 258 மைக்ரோமோல் ஆக்சிஜன் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். 25 டிகிரிக்கான அட்டவணை எண் அது. கடல்மட்டத்துக்கான எண். இங்கே அழுத்தம் குறைவு, அதனால் கரையும் ஆக்சிஜனும் குறைவு. பேனா நூறு என்று காட்டியது பொய்யில்லை, இங்குள்ள காற்றில் கரையக்கூடியது முழுதும் கரைந்திருந்தது. அந்த முழுமை எவ்வளவு என்பதில்தான் நான் தவறினேன். எங்கள் உயரத்தில் அழுத்தம் ஏறக்குறைய 850 ஹெக்டோபாஸ்கல், கடலோரத்தில் 1,013. இரண்டிலும் நீராவிக்கு 32 கழித்தால் 818, 981. விகிதம் 0.83. 258-ஐ அதால் பெருக்கினால் 215.

பேனா நிமிடத்துக்குப் பத்துக் கட்டம் இறங்கினால் 25.8 என்று எழுதிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது 21.5. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் அதுதான். மாறிலியை இந்தப் பிழை தொடவில்லை, ஏனென்றால் அது கேட்டச்சின் செறிவில் அளப்பது, அதை நான் தராசில் நிறுத்தே கரைத்தேன். நொதி, பொடி, சவ்வு, கோடு எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், புத்தகத்திலிருந்து எடுத்த ஓர் எண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை. அந்த எண் கடல்மட்டத்துக்கானது என்று அட்டவணைத் தலைப்பிலேயே அச்சாகியிருந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "ஃபீல்டு வரிசை மாறுதா?" என்று கேட்டார். மாறாது, எல்லாம் ஒரே விகிதத்தில் இறங்கும் என்றேன். "அப்புறம் என்ன, விடுங்க" என்றார். வேறு தோட்டத்து எண்ணோடு யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால் நம் கொழுந்துக்கு இல்லாத வேகம் இருப்பதாகத் தெரியும், அது பொய்க்கணக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "திருத்திக் கொடுங்க" என்றார்.

திருத்திய பிறகு அக்காவின் எண்ணும் என் எண்ணும் ஒட்டிவிடும் என்று நினைத்தேன். ஒட்டவில்லை. இப்போது என்னுடையது கொஞ்சம் குறைவாக நின்றது. சின்ன வித்தியாசம்தான், ஆனால் திரும்பத் திரும்ப வந்தது. இதையும் பிழை என்று நினைத்து இரண்டு வாரம் தேடினேன். இது பிழையில்லை. இந்த நொதிக்குக் கேட்டச்சின் ஒரு தளப்பொருள் என்றால் ஆக்சிஜன் இன்னொன்று. கேட்டச்சினை எவ்வளவு ஏற்றினாலும் ஆக்சிஜன் அளவு மாறாமல் நிற்கிறது. அந்த ஆக்சிஜன் அளவுக்குள் எட்டக்கூடிய உச்சத்தைத்தான் உச்ச வேகம் என்று நான் எழுதியிருக்கிறேன். அக்கா 258-இல் நின்று அளந்தார், நான் 215-இல் நின்று அளந்தேன். ரிங்லெட்டில் வெல்டிங் கடை வைத்திருந்த நண்பரிடம் ஆக்சிஜன் சிலிண்டர் இரவல் வாங்கி, கரைசலில் ஊதி, கருவியின் அளவையை மாற்றிவைத்துப் பார்த்தேன். அதே பொடியில் பேனா முன்பைவிடச் செங்குத்தாக இறங்கியது. முதல் இடைவெளி நான் செய்த தவறு. இரண்டாவது இடைவெளி மலைக்காற்று.

இதை டீ மேக்கரிடம் சொல்லத்தான் எனக்கு அவசரம். நசுக்கிய கொழுந்தில் கேட்டச்சினுக்குப் பஞ்சமே கிடையாது. நொதியைச் சுற்றி அது கொட்டிக் கிடக்கிறது. தட்டுப்பாடு ஆக்சிஜனுக்குத்தான், அதுவும் ஈரமாகக் குவிந்த கொழுந்தின் அடியில். அவர் தினமும் விரலைப் படுக்கைக்குள் விட்டு அடியிலிருப்பதைக் கிளறி எடுத்துப் பார்ப்பார். மேலே செம்புக் காசு நிறமாக இருக்கும், அடியில் பச்சை மிச்சமிருக்கும். மழைக்காலத்தில் கொழுந்து ஈரம் கூடும்போது பரப்பை மெலிதாக்குவார். நான் மின்முனையையும் 215-ஐயும் சிலிண்டரையும் சொல்லி முடித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அப்ப எத்தனை இன்ச்சுல பரப்பணும்? அதைச் சொல்லுங்க" என்றார்.

என் உச்ச வேகத்திலிருந்து அந்த எண்ணைக் கணக்கிட முடியாது. படுக்கைக்குள் காற்று எவ்வளவு இறங்கும், சூடு எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் கட்டைவிரல் அளவு கண்ணாடி அறையில் கிடையாது. அதனால் இருவருமாக நான்கு தட்டில் நான்கு கனத்தில் ஒரே கொழுந்தைப் பரப்பினோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார், நான் அதைக் காய்ச்சி நிறம் அளப்பேன். மெலிந்த இரண்டு தட்டுகளும் முன்னதாகவே சிவந்தன, தேநீரும் பிரகாசமாக இருந்தது. மிக மெல்லிய தட்டு ஓரத்தில் காய்ந்துபோனதால் அதை அவர் ஒதுக்கினார். இரண்டாவது தட்டின் கனத்தைத் தன் விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டார், ஆட்காட்டி விரலின் இரண்டாவது ரேகைவரை. அன்றிலிருந்து ஆட்களுக்கு விரலைக் காட்டியே சொன்னார்.

மிச்சமிருந்தது நோட்டுப் புத்தகங்கள். மூன்று வருடத்து எண்கள், ஒவ்வொரு பக்கத்திலும் உச்ச வேகம் நீல மையில். பழைய எண்ணை அழிக்கக் கூடாது என்பது ஆய்வுக்கூடப் பழக்கம். அதனால் ஒவ்வொன்றின் மேலும் ஒற்றைக் கோடு இழுத்து, 0.83-ஆல் பெருக்கிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, அழுத்தத்தையும் தேதியையும் குறித்தேன். மாறிலி இருந்த கட்டத்தை ஒரு இடத்திலும் தொடவில்லை. ராத்திரியில் உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்திவிட்டால் அந்த அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான்கு ராத்திரி உட்கார்ந்தேன். கிராணியும் இரண்டு ராத்திரி வந்து, நான் பெருக்கியதை மறுபடி பெருக்கிப் பார்த்தார். கடைசி நோட்டு முடியும்போது பெரட்டுச் சங்கு ஊதியது. வெளியே பனி இறங்கிக் கிடந்தது. அவர் பேனாவை மூடிவிட்டு, "பசியாறிட்டு வரலாம் வாங்க சார்" என்றார்.